லாரி ஏறாத கீரை

நடந்தது இந்த வரிசையில்:

1. அக்கா இரண்டாவது முறையாக உண்டானாள்.
2. தானா ராத்தா கிளினிக்கில் பரிசோதித்துவிட்டு ரத்தம் குறைவு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். கீரையும் பச்சைக் காய்கறியும் நிறையச் சாப்பிடச் சொன்னார்கள்.
3. எங்கள் லயத்தில் பச்சைக் காய்கறி கிடையாது.
4. இடிந்துபோன பிள்ளைக் கொட்டகையின் சிமெண்டுத் தரையில் நான் காய்கறி போட்டேன்.
5. காய்கறி நன்றாக வந்தது.
6. அக்காவின் ரத்தம் ஏறவில்லை.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. என் வேலையும் இந்த மாதிரிதான். குழாயின் ஒரு முனையில் தண்ணீர் ஏறுகிறது, மறுமுனையில் செடியின் காலில் சொட்டவில்லை என்றால், நடுவில் எங்கோ போகிறது. எங்கே என்று தெரியும்வரை என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியாது.

மூன்றாவது வரியை வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். கேமரன் மலையில் இருந்துகொண்டு காய்கறி இல்லையா என்று சிரிப்பார்கள். திரிங்காப்பில் சரிவு முழுக்கப் பிளாஸ்டிக் கூரை. கூரைக்கு அடியில் முட்டைக்கோஸ், சாவி என்கிற கடுகுக்கீரை, சாலாட் இலை. கியா பார்மில் சாலையின் இரண்டு பக்கமும் கடை. எல்லாம் உண்மை. அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் நானே சம்பாதிக்கிறேன். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு, கம்போங் ராஜாவில் சொட்டுநீர்க் குழாய் போட்டுக் கொடுக்கிற சிறிய கம்பெனி ஒன்றில் டெக்னிஷியனாக இருக்கிறேன். வாரம் முழுக்க அங்கே ஓர் அறையில் தங்கல். சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளில் வீடு.

வீடு இருக்கும் தேயிலை எஸ்டேட், காய்கறி போகிற பாதையில் இல்லை. பெரிய சாலையிலிருந்து பிரிந்து, ஒரு லாரி மட்டும் நுழைகிற அகலத்தில், தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து போனால் கடைசியில் தொழிலாளர்களின் வரிசை வீடுகள், எங்கள் லயம். அங்கே ஒரே கடை. அரிசி, டப்பா மீன் சார்டின், முட்டை, மேகி, கருவாடு, வெங்காயம், உருளைக்கிழங்கு. சீக்கிரம் கெட்டுப்போகாததை வைத்திருந்தால்தான் கடைக்காரருக்குக் கட்டுப்படியாகும். முன்பு ஒரு காய்கறி வேன் வந்துகொண்டிருந்தது. தமிழ்க் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போனதும் வேன்காரரும் வருவதை நிறுத்திவிட்டார். டவுனுக்கு டாக்சி பிடித்துப் போனால் காய்கறியைவிட டாக்சிக்கு அதிகம் ஆகும். கியா பார்ம் கடைகளில் சொல்வது சுற்றுலாக்காரர்களுக்கான விலை.

காய்கறித் தோட்டங்களின் ஓரத்தில் கழித்துப் போட்டது சும்மாவே கிடைக்கும். நானே பல தடவை கொண்டுபோயிருக்கிறேன். பையைத் திறப்பதற்கு முன்பே அம்மா கேட்பது, "எப்ப மருந்து அடிச்சாங்க?" என்பதுதான். லாரியில் ஏறுகிற காய்க்கு மருந்து அடித்த பிறகு பொறுத்திருக்க வேண்டிய நாள் கணக்கு உண்டு. ஓரத்தில் கிடப்பதற்கு அந்தக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? எனக்கும் பதில் தெரியாது. பை அப்படியே குப்பைக்குப் போகும். இரவு சோற்றுக்கு சார்டின் திறக்கப்படும்.

அக்கா எங்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறாள். உண்டாவதற்கு முன் திரிங்காப்பில் காய்கறி பேக்கிங் கொட்டகையில் நின்றுகொண்டே முட்டைக்கோஸின் வெளி இலையைச் சீவும் வேலை. அவள் கணவர், நான் மாமா என்று கூப்பிடுபவர், அந்தக் காய்கறியை ஈப்போவுக்கு இறக்குகிற லாரியை ஓட்டுகிறார். ஆக, எங்கள் குடும்பத்தில் ஒருவர் தண்ணீர் விட்டோம், ஒருவர் சீவினோம், ஒருவர் ஏற்றிக்கொண்டு போனோம். சாப்பிட்டது மட்டும் யாரும் இல்லை.

ரத்தம் குறைவு என்பது அக்காவுக்குச் சாதாரண விஷயம் இல்லை. முதல் பிள்ளை பிறந்தபோது நிறைய ரத்தம் போய், ஆம்புலன்சில் வளைவு வளைவாக ஈப்போவுக்கு இறக்கினார்கள். அந்த வழி முழுக்க அவள் கூரையையே பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லியிருக்கிறாள். வேறு எதுவும் சொன்னதில்லை. இந்தத் தடவை மிஸ்ஸி, அதாவது கிளினிக்கில் இருக்கிற தாதி, தெளிவாகச் சொல்லிவிட்டார். ரத்தம் பதினொன்றைத் தொட்டால் தானா ராத்தாவிலேயே பிரசவம். தொடாவிட்டால் நாள் நெருங்குவதற்கு முன்பே ஈப்போ பக்கம் இறங்கி, சுங்கை சிப்புட்டில் மாமியார் வீட்டில் தங்கிக் காத்திருக்க வேண்டும். பாலர் பள்ளிக்குப் போகிற மூத்தவளை இங்கே விட்டுவிட்டு.

இன்னொன்றும் சொன்னார். சாப்பாட்டோடும் மாத்திரையோடும் தேத்தண்ணீர் குடிக்கக் கூடாது. குடித்தால் சாப்பிட்ட சத்து ஒட்டாது.

அம்மாவுக்கு இது அவமானமாகப் போயிற்று. "தேயிலக் காட்டுல பொறந்து வளந்தவள டீ குடிக்காதங்கிறாங்க. இத தொர காதுல போட்டுறாத, அந்த மிஸ்ஸிக்கு வேல போயிரும்."

"கீழ இருந்து மாத்தலாகி வந்த மிஸ்ஸிம்மா அவங்க. அவங்களுக்கு என்னா பயம்?" என்றாள் அக்கா. தேத்தண்ணீரை மட்டும் உண்மையாகவே விட்டாள்.

சிமெண்டுத் தரையில் காய்கறி போடும் யோசனை எனக்குக் கோலாலம்பூரில் வந்தது. கம்பெனி ஒரு பயிற்சிக்கு அனுப்பியிருந்தது. கடைசி நாள், ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அழைத்துப் போனார்கள். கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலையில், காலி பெயிண்ட் வாளியிலும் உடைந்த ஐஸ் பெட்டியிலும் மண் நிரப்பி, அந்த மாடிக்காரர்கள் கீரை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். சுற்றி எங்கேயும் சந்தை இல்லை. பெட்ரோல் நிலையத்துக் கடையும் ஒரு மினி மார்க்கெட்டும்தான். வேலைக்குப் போய்விட்டு வந்த பெண்கள் மின்தூக்கியிலிருந்து இறங்கி, ஒரு பிடி பறித்துக்கொண்டு, அடுத்த மின்தூக்கியில் ஏறிப் போனார்கள். மற்றவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை. நகரத்தில் காரை நகர்த்திவிட்டுக் கீரை போடுகிறார்கள். நாங்கள் காய்கறி மலையில் உட்கார்ந்து டப்பா திறக்கிறோம்.

எங்கள் லயத்துக்கு முன்னால் இருந்த பிள்ளைக் கொட்டகை, தாய்மார்கள் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப்போக எஸ்டேட் கட்டியது. பிள்ளைகள் குறைந்து, கூரை இறங்கி, தரை மட்டும் மிச்சம். எஸ்டேட் மேனேஜரான துரையிடம் போய்க் கேட்டேன். இப்போது இருப்பவர் இளவயதுக்காரர், மலாய்க்காரர், எங்கள் பழக்கத்தில் அவரும் துரைதான். இடம் தேவைப்படும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று வாயால் சொன்னார். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை.

பழைய பழக்கூடைகளில் பிளாஸ்டிக் விரித்து, மண்ணும் தொழிற்சாலைத் தேயிலைக் கழிவும் மக்கிய சாணியும் போட்டேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு, வெட்டி ஒதுக்கிய குழாய்த் துண்டுகளையும் கூரைப் பிளாஸ்டிக்கின் ஓரங்களையும் கொண்டுவந்தேன். மழைத் தண்ணீருக்கு ஒரு தொட்டி, அதிலிருந்து சொட்டுக் குழாய். லயத்தில் மிச்சமிருந்த தமிழ்க் குடும்பங்கள் எல்லாம் ஒத்தாசைக்கு வந்தன. நாற்று, நான் குழாய் போடுகிற நாற்றங்காலில் மிஞ்சியது: சாலாட், வெங்காயத்தாள் மாதிரித் தடித்த லீக்ஸ், தக்காளி, சாவி, புரோக்கோலி. மருந்தே அடிக்கவில்லை. பூச்சி பிடித்த இலையைப் பெண்கள் கையால் கிள்ளிப் போட்டார்கள்.

வந்தது. லீக்ஸ் கையளவு தடிமனில் வந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் கியா பார்ம் நெரிசலில் மாட்டிக்கொண்டு, சுற்றுலா பஸ்களுக்கு நடுவில் மோட்டாரை உருட்டிக்கொண்டு, இந்த வாரம் எவ்வளவு வளர்ந்திருக்கும் என்று தவிப்பேன். வீடு வந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றாமல் நேராகக் கொட்டகைக்குப் போவேன். போன வாரம் நிறைந்திருந்த கூடை காலியாக இருக்கும். சாப்பிட்டுவிட்டார்கள் என்று சந்தோஷப்பட்டு, அடுத்த நாற்றை வைப்பேன்.

அதற்குள் அக்காவுக்கு இரண்டு தடவை ரத்தம் எடுத்துவிட்டார்கள். ஒன்பதைக்கூடத் தாண்டவில்லை. வேறு ஏதாவது நோய் இருக்குமோ என்று மேற்கொண்டு பரிசோதனைக்கு எழுதினார்கள். அதிலும் ஒன்றும் இல்லை. மாத்திரை போடுகிறாளா என்று மிஸ்ஸி கேட்டார். போடுகிறாள், நான் பார்த்திருக்கிறேன். தேத்தண்ணீர் இல்லை. கீரை? "சாப்புடுறேனே" என்றாள். அவள் முகம் நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டு வந்தது. கொடியில் துணி போடக் கையைத் தூக்கினால் மூச்சு வாங்கியது. நான் மண்ணைச் சந்தேகப்பட்டேன். தண்ணீரைச் சந்தேகப்பட்டேன். கம்போங் ராஜா அறையில், சாவியில் எவ்வளவு இரும்பு, எந்த இலையில் அதிகம் என்று போனில் தேடிக்கொண்டு கிடந்தேன்.

மூன்றாவது தடவை ரத்தம் எடுக்கிற அன்றைக்கு மாமாவுக்கு லாரி இருந்ததால், நான் விடுப்பு எடுத்து அவருடைய பழைய காரில் அக்காவைக் கூட்டிப்போனேன். அக்கா உள்ளே எடை பார்க்கப் போயிருந்தாள். மிஸ்ஸி என்னைப் பார்த்ததும், "நீங்கதானே அந்தத் தோட்டம் போட்ட தங்கச்சி?" என்றார்.

ஆமாம் என்றேன்.

"உங்க லீக்ஸ் ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. போன வாரம் தெலுக் இந்தான்ல எங்க அம்மாவுக்கு அனுப்புனேன். இங்க உள்ளவங்க எல்லாருக்குமே உங்க அக்கா ஒவ்வொரு தடவையும் கொண்டாந்துருவாங்க. இன்னைக்குக்கூட ரெண்டு பை." மேசைக்குக் கீழே காட்டினார்.

பையை எனக்குத் தெரியும். சாலாட்டின் நுனி வெளியே தெரிந்தது.

"மிஸ்ஸி," என்றேன், "அது அவ சாப்பிட வேண்டியது."

அவர் பையைக் குனிந்து பார்த்தார். பிறகு அக்காவின் அட்டையை எடுத்து, பார்த்த எண்ணையே திரும்பத் திரும்பப் பார்த்தார். அக்கா திரும்பி வந்தபோது பைகள் மேசைமேல் இருந்தன. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். மிஸ்ஸி மெதுவாகத்தான் பேசினார். இனிமேல் வாங்க மாட்டேன், இதையும் எடுத்துப்போங்கள் என்றார். அக்கா எடுக்கவில்லை. கொடுத்ததைத் திரும்ப எடுக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுக் காருக்கு நடந்தாள்.

ஏன் கொடுத்தாய் என்று காரில் கேட்டேன். 

"வெறுங்கையா போயி நிக்கச் சொல்றியா?" என்றாள். "போன தடவ என்னையப் பாத்தவங்க எல்லாம் ஈப்போவுக்கு இழுத்துக்கிட்டு ஓடுனாங்க. அதே எடத்துக்குத்தான் திரும்பப் போறேன். சும்மா போயி கைய நீட்டுறதுக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"சரி, கிளினிக்குக்கு ரெண்டு பை. மிச்சம்?"

"அத்தைக்கு. மாமா கீழ எறங்குறப்பல்லாம் கேக்குறாங்கல்ல, மேல இருந்து மருமக என்னா குடுத்துவிட்டான்னு." அத்தை என்பது சுங்கை சிப்புட் மாமியார்.

"நீ என்ன சாப்பிட்ட?"

"அந்த வெளி எலைய ஆக்குனோம். ரெண்டு தடவ."

பேக்கிங் கொட்டகையில் சீவித் தள்ளுகிற அதே வெளி இலை.

வீட்டுக்கு வந்து அம்மாவைக் கேட்டேன். அம்மா மறைக்கவேயில்லை. அவருக்கு அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. முதல் பறிப்பு துரை பங்களாவுக்கு. இரண்டாவது ஆபீஸ் கணக்கரான கிராணி வீட்டுக்கு, கிராணியம்மா சட்டியோடு திரும்ப அனுப்பிய பாயசத்தை நானும் குடித்திருக்கிறேன். பிறகு கோயில் பூசாரி. பிறகு பீடோரிலிருந்து வந்த சித்தி, தமிழ்ப் பள்ளி ஆசிரியர்கள், எரிவாயு சிலிண்டர் கொண்டுவருகிறவர். மற்ற வீடுகளிலும் இதே கதை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் கீழே யாரோ இருந்தார்கள், எல்லோருக்கும் மலைக் காய்கறி வேண்டியிருந்தது. கொட்டகையில் விளைந்தது லயத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. பெரிய தோட்டங்களின் கதையேதான், லாரி மட்டும்தான் சின்னது.

கசிவு எங்கே என்று தெரிந்துவிட்டது. தெரிந்தால் நிம்மதி வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

"அவ ரத்தத்த எடுத்து ஊருக்குக் குடுத்துக்கிட்டு இருக்கீங்கம்மா," என்றேன். நான் சத்தம் போட்டுப் பேசுகிறவள் இல்லை. அன்றைக்கும் போடவில்லை.

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். "இத்தன வருசம் இந்தக் காட்டுல கெடந்தோம். யாரு வந்தாலும் டீத்தூள் பொட்டலம்தான் குடுக்கலாம், அதுவும் கடையில வாங்கி. இப்பத்தான் எங்க கையில குடுக்குற மாதிரி ஒண்ணு இருக்கு. வாங்குறவங்க மூஞ்சியப் பாத்துருக்கியா நீ?"

பார்த்ததில்லை.

"நல்லது வெளஞ்சா நாமளே தின்னுட்டு உக்காந்துருக்கணுமா? அதுக்குப் பேரு என்னா?"

என்னிடம் அக்காவின் எண்தான் இருந்தது. எண்ணைச் சொன்னேன். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். 

கொடுக்காதே என்று சொல்லி இந்த லயத்தில் எதையும் நிறுத்த முடியாது. பூட்டுப் போட்டால் என்னைத்தான் வெளியே வைத்துப் பூட்டுவார்கள். அந்த வாரம் வேலையில் ஒரு தவுக்கேயின் தோட்டத்தில் குழாய் மாற்றிக்கொண்டிருந்தேன். தவுக்கே என்றால் சீனத் தோட்ட முதலாளி. விதை விற்பவர் ஒருவர் வந்து அவரிடம் புதுச் சாலாட் ரகம் ஒன்றைப் புகழ்ந்துகொண்டிருந்தார். இலை தடிப்பு, லாரியில் அடுக்கினாலும் நசுங்காது, சிங்கப்பூர் போய்ச் சேரும்வரை வாடாது. பயணம் தாங்குவதுதான் இந்த மலையில் ஒரு காய்கறிக்கு முதல் தகுதி. கீழே படுத்துக் குழாய் முறுக்கிக்கொண்டே இதைக் கேட்டேன். நானும் நாற்றங்காலில் மிஞ்சிய நாற்றை வாங்கித்தானே நட்டேன். என் கூடைகளில் இருந்த ஒவ்வொரு செடியும் பயணம் தாங்குவதற்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டது. போகாமல் என்ன செய்யும்?

அடுத்த சனி, ஞாயிறு முழுக்கத் தேடினேன். சர்க்கரைவள்ளி இலை. பூசணிக் கொழுந்து. தேயிலைச் சரிவின் ஓரத்தில் தானாக முளைத்த மணத்தக்காளி. வாய்க்கால் தண்ணீரில் வளர்கிற செலாடா ஆயர். லயத்தின் கடைசி வீட்டில் இருக்கும் வங்காளதேசத் தொழிலாளி ஒருவர், அவர்கள் சாப்பிடுகிற சிவப்புத் தண்டுக்கீரையின் விதையை ஒரு பிடி கொடுத்தார். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பறித்துப் பிளாஸ்டிக் பையில் போட்டு, மோட்டாரின் பின்னால் கட்டி, கம்போங் ராஜாவுக்குக் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன். மணத்தக்காளி கொஞ்சம் தாக்குப்பிடித்தது. மற்றதெல்லாம் துவண்டு, வியர்த்து, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தது. யாருக்கும் கொடுக்க முடியாத மாதிரி. எனக்கு இரண்டு நாள் தேடிய பிறகு முதல் தடவையாகப் பசித்தது.

கூடைகளில் இருந்ததை எல்லாம் ஒரே நாளில் பறிக்கச் சொன்னேன். யாருக்கு வேண்டுமோ கொடுங்கள் என்றேன். அந்த ஞாயிறு லயத்தில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. மாமாவின் லாரியில் டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் பைகளாக ஏறின. மறுநாள் விடுப்பு எடுத்து, புதியதை நட்டேன்.

அம்மா கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார். "சக்கரவள்ளி எலையா? விருந்தாளி வந்தா இதையா குடுக்கச் சொல்ற?"

"குடுக்க முடியாதும்மா. அதுக்குத்தான்."

"மாடு திங்கிறது."

"மாடு தெம்பாத்தான இருக்கு?"

"வாய்க்கு மட்டும் டிப்ளோமா குடுத்துருக்காங்க இவளுக்கு," என்று அக்காவிடம் சொன்னார். அக்கா படியில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்ததில் மூச்சு வாங்கியது. மூன்று பேரும் நிறுத்திக்கொண்டோம்.

வளர நேரம் எடுத்தது. தண்டுக்கீரைக்கு இந்தக் குளிர் பிடிக்கவில்லை. கூரைப் பிளாஸ்டிக்கை இறக்கிக் கட்டிய பிறகுதான் எழுந்தது. அக்காவின் வயிறு அதைவிட வேகமாக வளர்ந்தது. நான் சனிக்கிழமை மட்டும் இல்லாமல், வார நடுவிலும் வேலை முடிந்ததும் ஓடி வந்து பார்த்துவிட்டு, அறைக்குத் திரும்பினேன். பார்த்து ஆகப்போவது ஒன்றும் இல்லை. பார்க்காமல் இருக்கத்தான் முடியவில்லை.

முதல் பறிப்பை அம்மாவே செய்தார். சர்க்கரைவள்ளியில் கொழுந்தும் அடுத்த இரண்டு இலையுமாக, பல வருடங்கள் தேயிலையில் செய்ததையே, கண்ணால் பார்க்காமல் விரலால் கிள்ளிக்கொண்டு போனார். மடி நிறைந்ததும் பழக்கம் விடவில்லை. பாதியைப் பையில் கட்டி, மருமகனிடம் கொடுத்து, சம்பந்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. சொன்னது போன்தான். சாயங்காலம் சுங்கை சிப்புட்டிலிருந்து வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, பையில என்னமோ குடுத்துவிட்டீங்களே, அது என்னாலா? தொறந்தா கறுப்பா தண்ணியா இருக்கு. மருந்து கிருந்தா? எங்க தேய்க்கிறது?"

அக்கா சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு பின்கட்டுக்குப் போனாள். அம்மா ஈரக் கையோடு போனை எடுத்தார். "அது கீர சம்மந்தி. கீழ வராது போல. மேலயே தின்னாத்தான்," என்றார்.

"அப்ப மருமகளுக்கு ஆக்கிப் போடுங்க. எனக்கு அடுத்த வாட்டி லீக்ஸ் அனுப்புங்க."

அன்றைக்கு மிச்சமிருந்த பாதியை அம்மா பருப்போடு கடைந்தார். அக்கா முதல் வாயை முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். இரண்டாவது தட்டுச் சோற்றுக்கு அதையே கேட்டாள். பிறகு தினமும். பறித்ததைச் சாயங்காலத்துக்குள் ஆக்கியாக வேண்டும், இல்லாவிட்டால் வீண். அதனால் ஆக்கினார்கள். மற்ற வீடுகளிலும் அப்படித்தான். யாரும் திருந்திவிடவில்லை. வாடிவிடுகிறது, அவ்வளவுதான்.

ஆனால் லயத்துக்கு யார் வந்தாலும் அம்மாவின் கண் முதலில் கொட்டகைக்குப் போய்விட்டு, வந்தவர் கையைப் பார்க்காமல் திரும்பும். பீடோர் சித்தி வந்துவிட்டு வெறும் பையை மடித்துக்கொண்டு கிளம்பியபோது, அம்மா கடைக்குப் போய் டீத்தூள் வாங்கி வந்து கொடுத்தார். வாசலில் நின்று சித்தி போகும் வரை பார்த்தார். கேட்பதற்கு நான் வாயைத் திறப்பதற்குள், "ஒண்ணும் இல்ல," என்றார். நான் சரி செய்தது எது, அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டது எது என்று யோசித்துக்கொண்டே அன்று கம்போங் ராஜாவுக்கு மோட்டார் ஓட்டினேன். திரும்பும் முச்சந்தியைத் தாண்டிப் போய்விட்டேன்.

அடுத்த வாரம் ஒரே ஒரு கூடையில் லீக்ஸ் நட்டேன். அம்மா பார்த்தார்.  மறுநாள் அந்தக் கூடையை மட்டும் வெயில் படுகிற பக்கத்துக்கு நகர்த்தி வைத்திருந்தார்.

போன வாரம் ரத்தம் எடுத்தார்கள். அக்கா வெறுங்கையோடு போனாள். மிஸ்ஸி எண்ணைப் பார்த்துவிட்டு, இப்படியே போகட்டும், மாத்திரையை விட வேண்டாம், ஆனால் இன்னும் போதாது என்றார். சாப்பாட்டால் மட்டும் இவ்வளவு ஏறியதா, தேத்தண்ணீரை விட்டதாலா, மாத்திரை ஒட்டியதாலா என்று கேட்டேன். பிரித்துச் சொல்ல முடியாது என்றார். நேர்மையான பதில். எனக்குப் போதவில்லை. வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ கொஞ்சம் ஒக்காரு. என்னையவிட நீதான் மூச்சு வாங்குற," என்றாள். கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்தேன். சீக்கிரமே எழுந்துவிட்டேன்.

இப்போதைய நிலவரம்: அக்காவின் ரத்தம் பத்தைத் தாண்டியிருக்கிறது, பதினொன்றைத் தொடவில்லை. அடுத்த புதன்கிழமை மறுபடி எடுப்பார்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் தானா ராத்தாவா ஈப்போவா என்று சொல்வார்கள். ஈப்போவுக்கான பை கட்டிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. கொட்டகைத் தரையை எஸ்டேட் இன்னும் கேட்கவில்லை. கூடைகளில் கீரை இருக்கிறது, ஒரு கூடையில் லீக்ஸ் இருக்கிறது.